தூரிகையோடு வந்தவர்கள் – 7: தாமஸ் ஹிக்கி

சென்ற வாரம் பார்த்த டில்லி கெட்டில் 1769-இல் சென்னையில் வந்து இறங்கி, ஆற்காட்டு நவாப்பை வரைந்தே பேரும் பணமும் சேர்த்தார். தாமஸ் ஹிக்கிக்கு எதுவும் அத்தனை சுலபமாக அமையவில்லை.

டப்ளினில் மிட்டாய்க்கடைக்காரர் ஒருவரின் மகனாக 1741-இல் பிறந்தவர். இத்தாலி, லண்டன், பாத் என்று சுற்றியும் தொழில் ஊன்றவில்லை. 1780-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். பிரெஞ்சு, ஸ்பானியக் கடற்படைகள் வழியிலேயே கப்பலைப் பிடித்துக்கொண்டன. விடுபட்டவர் லிஸ்பனில் சில ஆண்டுகள் படம் வரைந்து பிழைத்துவிட்டு, 1784-இல்தான் கல்கத்தா வந்து சேர்ந்தார். பிறகு இங்கிலாந்து திரும்பி, சென்னையின் முன்னாள் கவர்னர் மெக்கார்ட்னி சீனப் பேரரசரிடம் தூது போனபோது அந்தக் குழுவின் ஓவியராகவும் போனார். அந்தப் பயணத்தில் ஹிக்கி வரைந்ததாகச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. சீனாவை வரைந்து குவித்தவர் கூடவே போன இளைஞர் வில்லியம் அலெக்ஸாண்டர்.

1798-இல் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டு மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு சுல்தான் இறந்தார். முகம் வரைகிறவருக்கு அதைவிடப் பெரிய வேலை எங்கே கிடைக்கும்? போரில் பங்கெடுத்த வெள்ளை அதிகாரிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சாக்குக்கட்டியால் வரைந்தார். அவற்றில் ஐம்பத்தைந்து இன்றும் வெலிங்டன் பிரபு குடும்பத்து மாளிகையில் இருக்கின்றன. இவற்றையெல்லாம் சேர்த்து வெற்றியைப் பற்றி ஏழு பெரிய ஓவியங்கள் தீட்டுவது அவர் திட்டம். முன்பணம் கட்ட ஆள் சேரவில்லை, திட்டம் அப்படியே நின்றுபோனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரபூர்வ ஓவியராக நியமிக்கும்படி விண்ணப்பித்தார், அதுவும் கிடைக்கவில்லை.

அந்த ஏழு ஓவியங்கள் வராமல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. வெற்றிக் காட்சி தீட்ட அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். தோற்ற பக்கத்தையும் உட்காரவைத்துப் பார்த்தவர் ஹிக்கி. திப்புவின் பிள்ளைகளை வரைந்தார். திப்புவிடம் அமைச்சராக இருந்து, பிறகு புது அரசுக்குத் திவானான பூர்ணையாவை வரைந்தார். ஐந்து வயதில் அரியணை ஏற்றப்பட்ட கிருஷ்ணராஜ உடையாரையும் வரைந்தார்.

மைசூர் தொடர்பில் பிறந்ததுதான் 1805-இல் தீட்டிய மூன்று அரச மகளிரின் படம். நாட்டியக்காரிகள் என்றே முன்பெல்லாம் சொல்லிவந்தார்கள். வலப்பக்கப் பெண் சேலையைச் சற்று விலக்கி மேற்கையைக் காட்டுகிறாள். இடப்பக்கப் பெண்ணின் மூக்கையும் வாயையும் சுற்றித் தோல் நிறம் மாறியிருக்கிறது. வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் இதிலிருந்து ஒரு செய்தியைப் படித்தெடுத்தார். பெரியம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஏற்றும் பழைய முறைக்கு ஆட்பட்டவள் ஒருத்தி. ஜென்னரின் புதிய பசு அம்மை ஊசியைக் கையில் போட்டுக்கொண்டவள் மற்றவள். இருவரும் உடையாரின் ராணிகள் என்பது அவர் வாதம். அந்த மருந்து பம்பாய்க்கு வந்ததே 1802-இல்தான். மாட்டிலிருந்து எடுத்ததை உடம்பில் ஏற்றிக்கொள்ள ஜனங்கள் தயங்கிய காலம். அரண்மனைப் பெண்ணே கையைக் காட்டி நின்றால் தயக்கம் குறையும் என்று கம்பெனி நினைத்திருப்பதில் ஆச்சரியமில்லை. சான்சலரின் வாதம் எனக்கு நம்பும்படியாகவே இருக்கிறது. வெறும் அழகுக்காக என்றால் எந்த ஓவியர் ஒரு ராணியின் வாயோரத்துத் தழும்பை விட்டுவைப்பார்?

தமிழ் வாசகர் அவசியம் பார்க்க வேண்டியது 1816-இல் தீட்டிய, சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் திரட்டிய கர்னல் காலின் மெக்கன்சியின் படம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அறுபதைக் கடந்த மெக்கன்சி சிவப்புச் சட்டையில் நடுவில் நிற்கிறார். ஆனால் அவர் தனியாக இல்லை. ஒருவர் கையில் ஓலைச்சுவடி, இன்னொருவர் கையில் தொலைநோக்கி. மூன்று இந்தியர்கள் அவரைச் சூழ்ந்திருக்கிறார்கள். தொலைவில் கார்கலாவின் கோமதேஸ்வரர் சிலை. சமணப் பண்டிதர் தர்மய்யா, காவலி வேங்கட லட்சுமய்யா, சேவகர் கிருஷ்ணாஜி என்று அந்த மூவரையும் அடையாளம் சொல்கிறார்கள். ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டைப் படியெடுத்ததும் சுவடி சேகரித்ததும் பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதியதும் இப்படிப்பட்டவர்கள்தான். சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்று நாம் புரட்டுகிற மெக்கன்சி தொகுப்பு அவர்கள் கால்தேய நடந்த நடை. மெக்கன்சி பெயரில் போய்விட்ட அந்த உழைப்புக்கு முகம் இருக்கிறது என்றால் அது ஹிக்கியின் புண்ணியம். வேலையாட்களை இருட்டு மூலையில் நிழலாக நிறுத்துவது அந்தக் கால வழக்கம். இவரோ ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியே நேரம் கொடுத்திருக்கிறார்.

எண்பது வயதைத் தாண்டி, 1824-இல் சென்னையிலேயே காலமானார். அவர் இங்கே இருக்கும்போதே, டப்ளினில் சில காலம் தொழில் நடத்திவிட்டு 1802-இல் இதே ஊருக்கு வந்தவர் ஜார்ஜ் சின்னரி. அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)