கல்லின் பெயரும் விலையும்

பொன்னின் தரத்தை அறிவதற்குச் செட்டியார் தெருவிலே உரைகல் உண்டு. அரியதொரு கனிப்பொருளை அறிவதற்கு உரைகல் யாது? இவ்வினாவிற்கு விடை தரும் வரலாறு ஒன்று நம் நாட்டிலேயே நிகழ்ந்துள்ளது.

1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்களைக் கலையாராய்ச்சியாளராகவே பலரும் அறிவர். அவர் முதலில் நிலநூல் வல்லுநர். இலங்கைக் கனிப்பொருளளவைப் பகுதியின் முதற் பணிப்பாளர். அவர் காலத்திலே, சப்பிரகமுவ மாகாணத்துப் பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கறுப்பு நிறக் கனசதுரப் பளிங்குகள் ஆராயப்பட்டன. அவை யுரேனினைற்று என்னும் யுரேனியக் கனிப்பொருளென்றே முதலிற் கருதப்பட்டன.

இத்தகைய கல்லை ஆராய்வோர் நிறம், வடிவம், வன்மை என்பவற்றை நோக்கியபின் தன்னீர்ப்பை அளப்பர். காற்றிலே 97 கிராம் நிறையுள்ள கல் நீரினுள் 87 கிராம் காட்டுமாயின், இழந்த 10ஆல் 97ஐ வகுக்க 9.7 கிடைக்கும். கறுப்புத் துருமலியின் தன்னீர்ப்பு ஏறத்தாழ 3. காந்தக்கல்லினது ஏறத்தாழ 5. ஆகவே அவ்விரண்டும் அல்ல என்பது துணியப்படும். யுரேனினைற்றோ ஏறக்குறைய இத்துணைப் பாரமுடையதாயிருத்தலுங் கூடும். அங்கே தராசு போதாது. இரசாயனப் பகுப்பே முடிவு கூறவேண்டும். இலண்டன் இம்பீரியல் கழகத்திலே செய்யப்பட்ட பகுப்பு, அக்கல்லின் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு எனக் காட்டிற்று. 1904ஆம் ஆண்டு 'தோரியனைற்று' என்னும் புதுப்பெயர் அதற்கு இடப்பட்டது.

பெயர் தெளியவே மதிப்பும் தெளிந்தது. அக்காலத்து வாயுவிளக்குகளின் ஒளிவலைக்குத் தோரியம் இன்றியமையாததாயிருந்தது. 1905இல் ஓட்டோ கான் என்னும் செருமானிய அறிஞர், இலங்கைத் தோரியனைற்றை ஆராயுமிடத்து இரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார்.

இன்று ஒரு மாதிரியின் விலை அதன் அருமை, பருமன், பளிங்கு முனைகளின் செம்மை என்பவற்றால் அமைகின்றது. அது கிடைத்த இடத்தைக் கூறும் நம்பத்தக்க குறிப்பும் அவற்றோடு ஒப்ப வேண்டப்படும். குறிப்பிழந்த கல் தன் வரலாற்றையும் விலையின் ஒரு பகுதியையும் இழக்கின்றது. ஆதலின், மாணவர்காள், கல்லொன்று கண்டெடுப்பின் அதனை உடைத்தலும் தேய்த்தலும் வேண்டா. இடத்தையும் நாளையும் உடனே எழுதி வையுங்கள். பாரமிகுந்த கருங்கல்லாயின் சட்டைப்பையில் இட்டுத் திரியாதீர்கள். தோரியனைற்று கதிர்த்தொழிற்பாடுடையது.

வீட்டிலுள்ள கல்லை விற்க எண்ணும் பெற்றோர்க்கும் இஃது பொருந்தும். வாங்குவோன் சொல்லும் பெயரை ஏற்று விலை பேசுதல் தகாது. விலை பெயரைப் பற்றியே நிற்கின்றது. முதலில் அளந்தறிவித்து, அதன்பின் விலை பேசுவதே முறை.