செம்பில் பதிந்த மாமல்லபுரம்

வானகரத்தில் காலையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஏறுகிறவர் மதியத்துக்குள் மாமல்லபுரத்துக் கற்றளிகளின் முன்னே நிற்கலாம். 1792-93ஆம் ஆண்டுகளில் தென்னாடு முழுவதும் சுற்றிவந்த ஆங்கிலச் சித்திரக்காரர்களான தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் அதே கற்களைப் பார்க்க வந்தபோது, நிழற்படம் என்னும் கலை பிறக்கவேயில்லை. எதிரிலுள்ள காட்சியைத் தாளின்மேல் விழச் செய்யும் இருட்டுப் பெட்டி ஒன்றின் துணைகொண்டு அவர்கள் வரைந்து சென்றவை, 1795 முதல் 1808 வரை லண்டனில் ‘ஓரியண்டல் சீனரி’ என்ற பெயரில் 144 சித்திரங்களாக வெளிவந்தன.

அவற்றை அச்சிட்ட முறைதான் அதிசயமானது. எச்சிங் என்னும் அந்தக் கலையில், மெழுகு பூசிய செப்புத் தகட்டின்மேல் ஊசியால் வரைவார்கள். மெழுகு விலகிய கோடுகளை மட்டும் நைட்ரிக் திராவகம் அரித்துப் பள்ளமாக்கும். பிறகு மெழுகைக் களைந்து, அப்பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைகளின் நடுவே அழுத்தினால் சித்திரம் தாளில் ஏறும். தகட்டின் இடப்புறம் தாளில் வலப்புறமாக விழுமாதலால், காட்சி முழுவதையும் இடவலம் மாற்றி வரையும் பொறுமை சித்திரக்காரருக்கு வேண்டும்.

கோடு மட்டும் பாறையின் நிழலைக் காட்டப் போதாது. ஆகவே டேனியல்கள் அக்வாடின்ட் என்னும் கிளைமுறையைக் கைக்கொண்டனர். கோலமாவு சலித்தாற்போல் மரப்பிசின் தூளைத் தகட்டில் தூவிச் சூடேற்றினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அவற்றின் இடுக்குகளில் மட்டும் திராவகம் இறங்கும். வானம் வெளிறியிருக்க வேண்டுமானால் சில கணங்களில் அவ்விடத்தை வார்னிஷால் மூடிவிடுவர். குடைவரையின் உள்ளிருளுக்கோ தகடு மீண்டும் மீண்டும் திராவகத்தில் மூழ்கும். கால அளவே இங்கே தூரிகை. அச்சான பின் வர்ணங்கள் கையால் தீட்டப்பட்டன.

இதே எச்சிங் முறையில் ரோமாபுரியின் இடிபாடுகளைச் சித்திரித்த பிரானேசி என்னும் கலைஞர், தூண்களின் அடியில் சிறுசிறு மனிதர்களை நிறுத்தினார். பார்ப்பவன் கல்லின் பிரம்மாண்டத்தை அவர்களைக்கொண்டே அளந்துகொள்கிறான். இதை நான் வெறும் அலங்காரமாகக் கருதவில்லை. நேர்மையான அளவுகோல் என்றே மதிக்கிறேன்.

டேனியல்களின் அக்வாடின்ட் சித்திரத்தை அருங்காட்சியகத்தில் காண நேர்ந்தால், ஓரத்தைக் கவனியுங்கள்: வெட்டப்படாத தாளானால் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் நாற்புறமும் தெரியும். பூதக்கண்ணாடி வைத்து நிழற்பகுதியைப் பார்த்தால், பிசின் துகள்கள் காத்த வெள்ளைப் புள்ளிகள் வலைப்பின்னலாக விரியும்.