மறதி நோயும் முதல் மருத்துவரும்

எம்.ரெட்டியபட்டி போன்ற மானாவாரி ஊர்களில் டிமென்ஷியா பெரும்பாலும் சர்க்கரை மாத்திரைக்கு வரும் முதியவரோடு மருத்துவரிடம் வந்து, கண்டறியப்படாமலே திரும்பிவிடுகிறது. ‘வயசானா மறக்கத்தான் செய்யும்’ என்று வீட்டார் சொல்வதை மருத்துவரும் ஏற்றுக்கொள்வதே முதல் தடை.

2008-இல் லான்செட் இதழில் வெளியான 10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழுவின் கணக்கில், வழக்கமான அளவுகோல்படி இந்தியக் கிராமப்புற முதியவர்களில் நோயாளிகள் 0.3 சதவீதம், கியூபாவில் 6.3. நோய் அவ்வளவு அபூர்வம் என்று இதற்குப் பொருளில்லை. கொடுக்கல் வாங்கலைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளும் வீட்டில் பெரியவரின் தடுமாற்றம் கண்ணில் படுவதில்லை.

குணமாகாததைக் கண்டுபிடித்து என்ன பயன் என்ற எண்ணமும் தவறுதான். பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நோயைக் கண்டறிய, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் தேதி கேட்பதைவிட, காட்டுக்குத் தனியாகப் போய்த் திரும்புகிறாரா, கடைச் சில்லறையைச் சரியாக எண்ணுகிறாரா என்று வீட்டாரிடம் விசாரிப்பது பலன் தரும்.