புளூடூத் அண்மையறி கருவிகள்

வன்னிப் பெருநிலத்திலே இருவகை மணியோசைகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. ஒன்று கோயில் மணி. மற்றையது காட்டிலே மேயும் மாட்டின் கழுத்து மணி. கோயில் மணி ஓரிடத்தில் நின்று ஒலிக்கின்றது. அதனைக் கேட்பவன், தான் கோயிலுக்கு எத்துணை அண்மையில் உள்ளான் என்பதை அறிகின்றான்; தன்னை யார் கேட்டார் என்பதை அம்மணி அறியாது. மாட்டின் மணியோ நடமாடுவது; மாடு நிற்குமிடத்தை அதனை வளர்ப்பவனுக்கு அது அறிவிக்கின்றது. ஓசையின் வன்மை மென்மையால் தூரத்தை மதிக்கும் முறை இரண்டிற்கும் ஒன்றே. அறிவு சென்று சேருமிடம் மாத்திரம் வேறு. இக்காலத்துப் புளூடூத் அண்மையறி கருவியின் இயல்பையும், அதனால் விளையும் நன்மை தீமைகளையும் விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு பெரிதும் துணைசெய்யும்.

திறந்த வெளியிலே கைத்தொலைபேசி தானிருக்கும் இடத்தைச் செய்மதிகளின் துணையால் அறிகின்றது. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் அச்சைகைகள் மிக மெலிந்தவை. கொங்கிரீட்டுக் கூரையையும் சுவரையும் கடக்குமிடத்து அவை மேலும் மெலிந்து பெரும்பாலும் பயன்படாதொழிகின்றன. ஆதலின் வைத்தியசாலை, நூலகம், விமான நிலையம் முதலிய பெருங்கட்டடங்களினுள்ளே வேறொரு வழி வேண்டப்பட்டது. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் புளூடூத் நியமம், மிகக் குறைந்த மின்சக்தியுடன் குறுந்தூரத்துக்கு வானொலிச் சைகை அனுப்பும் முறையை வகுத்தது. அதனைக்கொண்டு 2013இல் அப்பிள் நிறுவனம் ‘ஐபீக்கன்’ என்னும் அமைப்பை அறிமுகஞ் செய்தது.

நாணயம் போன்ற சிறு மின்கலத்தாலும் இயங்கவல்ல இக்கருவி, செக்கனுக்குப் பத்து முறை வரை தன் அடையாள எண்களை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். ஐபீக்கனின் அடையாளம் மூன்று கூறுகளை உடையது. 16 பைற்று நீளமான முதற்கூறு நிறுவனத்தையும், 2 பைற்று நீளமான ஏனைய இரு கூறுகளும் கட்டடத்தையும் அறையையும் குறிக்குமாறு அமைக்கலாம். ஒரு மீற்றர் தூரத்தில் அச்சைகைக்கு இருக்கக்கூடிய வலு யாது என்பதும் ஓர் எண்ணாக உடன் அனுப்பப்படும். கைத்தொலைபேசி தான் பெற்ற வலுவை அவ்வெண்ணுடன் ஒப்பிட்டுத் தூரத்தை மதிக்கின்றது. பின்னர் அதிலுள்ள செயலி, இவ்வெண் இன்ன அறைக்குரியது எனக் கண்டு, உரிய அறிவித்தலைத் திரையிலே காட்டும். அல்லது குரலால் உரைக்கும். இங்கே கருவி தன் பெயரை மாத்திரம் சொல்கின்றது. பொருள் கூறுவது செயலியே என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

தடையற்ற வெளியிலே தூரம் இருமடங்காகும்போது பெறப்படும் வலு நாலிலொரு பங்காகும். அறையினுள்ளே இவ்விதி செவ்வனே பொருந்துவதில்லை. அலைகள் சுவரிலும் இரும்பு அலுமாரியிலும் பட்டுத் தெறிக்கின்றன. புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைகளை நீர் உறிஞ்சுமாதலின், பெரும்பகுதி நீராலாகிய மனித உடலும் அவற்றைத் தடுக்கின்றது. தொலைபேசியைச் சட்டைப்பையில் இட்டு ஒருவர் முதுகைத் திருப்பினாலே, அண்மையிலுள்ள கருவி சேய்மையிலுள்ளது போலத் தோன்றும். ஆகவே, மிக அண்மை, அண்மை, சேய்மை என்னும் மூன்று நிலைகளாகவே தூரத்தைக் கொள்ளுதல் வழக்கம். மேலும் நுட்பம் வேண்டின், பல கருவிகளை நெருங்க நாட்டுதல் வேண்டும். இலண்டன் கற்விக் விமான நிலையத்தில் 2017இல் சுமார் 2,000 கருவிகள் நிறுவப்பட்டு, மூன்று மீற்றர் அளவான பிழையுடன் வழிகாட்டும் ஏற்பாடு செய்யப்பட்டது.

இக்கருவியின் சிறந்த பயன் வழிகாட்டுதலே. 2015இல் இலண்டன் பிம்லிகோ நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்திலே, பார்வையற்ற இளைஞர் கைத்தொலைபேசியின் குரல்வழி தனித்து நடமாடுவதற்கான சோதனை நடைபெற்றது. போரிலே கண்ணொளி இழந்தோர் வாழும் வன்னிக்கு இதன் அருமையை எடுத்துரைத்தல் வேண்டா. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ வைத்தியசாலைக்கு வரும் ஒருவர், பிறர் கைபற்றாது மருந்து வழங்குமிடத்தை அடைவாராயின், அது சிறிய பேறன்று.

நிற்க, தீமையும் உண்டு. கருவிகள் வழியாகப் பொருத்தமற்ற விளம்பர அறிவித்தல்கள் பெருகியமையால், கூகுள் நிறுவனம் அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் தான் வழங்கிவந்த அண்மை அறிவித்தற் சேவையை 2018 டிசம்பரில் நிறுத்திவிட்டது. இதனினும் ஆழ்ந்து நோக்கற்பாலது சிங்கப்பூரின் அனுபவம். கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மார்ச் மாதத்தில், ‘ட்ரேஸ்டுகெதர்’ என்னும் செயலி அங்கு வெளியிடப்பட்டது. யார் யாருக்கு அண்மையில் இருந்தார் என்பதைத் தொலைபேசிகள் புளூடூத் வழியாகப் பதிந்தன. நோய்த்தொடர்பை அறிதற்கு மாத்திரமே அப்பதிவுகள் பயன்படும் என மக்கள் நம்பியிருந்தனர். குற்றவியல் விசாரணைக்குப் பொலிசாரும் அவற்றைப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் பாராளுமன்றத்தில் வெளிப்பட்டபோது மக்கள் மனவருத்தம் அடைந்தனர். அடுத்த மாதமே, ஏழு வகைப் பாரிய குற்றங்களுக்கு மாத்திரம் அதனை வரையறுத்துச் சட்டம் இயற்றப்பட்டது.

கோயில் மணி மாட்டு மணியாக மாறுமாறு இதுவே. சுவரிலுள்ள கருவி எவரையும் அறியாதது. எனினும், அதனைக் கேட்ட செயலி, “இன்னார் இன்ன நேரத்தில் இங்கிருந்தார்” என எழுதி வேறிடத்துக்கு அனுப்புமாயின், நடப்பவரே மணி கட்டப்பட்டவராகின்றார். ஓமந்தைச் சோதனைச் சாவடியிலே பெயரும் அடையாள அட்டையும் காட்டிப் போய்வந்த மக்களுக்கு, நடமாட்டத்தைப் பிறர் பதிதலின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஆதலின் இக்கருவியை நிறுவ விரும்பும் வைத்தியசாலையோ நூலகமோ பாடசாலையோ, விலையை வினவுமுன் மூன்றனை வினவுதல் தகும்: செயலி எதனைப் பதிகின்றது? எத்தனை நாள் வைத்திருக்கின்றது? எவர் அதனைப் பார்க்கலாம்? ஒன்றும் பதியாது, தொலைபேசியினுள்ளேயே இடமறிந்து வழிகாட்டும் செயலியை ஆக்குதல் இயலுவதே. வழியைக் காட்டுதற்கு, வழிநடப்பவரின் பெயர் வேண்டியதில்லை.