ரத்தம் சொல்வதும் சொல்லாததும்

"ஏனுங்க, வாயில புண்ணுன்னா ரத்தம் குடுத்துப் பார்த்தா தெரிஞ்சிருமுங்களா?" பேக்கரியில் டீ குடிக்கும்போது சோமனூர்த் தறிக்காரர் ஒருவர் கேட்டார். இரவு ஷிப்டில் கன்னத்தில் புகையிலை ஒதுக்குகிறவர். தெரியாதுங்க என்றேன். வாய்ப் புற்றைக் கண்டுபிடிக்க வாயைத் திறந்து காட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் புண்ணில் துளி சதை எடுத்து பயாப்சி. ரத்தத்துக்கு வேலை அதற்குப் பிறகுதான். நோய் உறுதியான ஒருவருக்கு இனி எப்படிப் போகும் என்று கணிக்க அது உதவும்.

நாக்கு, கன்னம், தொண்டை, குரல்வளையில் வருபவை பெரும்பாலும் ஸ்குவாமஸ் என்ற ஒரே ரகம். இந்த ரகம் வெளிவிடும் ஒரு புரதத்தை 1977இல் ஜப்பானியர்கள் கருப்பை வாய்ப் புற்றுக் கட்டியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். எஸ்.சி.சி. ஆன்டிஜென் என்று பெயர். தொடக்கத்தில் பலருக்கு இது நார்மலாகவே இருக்கும். சோரியாசிஸ், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புற்றே இல்லாமலும் ஏறும். ஆகவே நோயைத் தேட இது ஆகாது. சிகிச்சைக்கு முன் ஏறியிருந்து, பின் இறங்கி, சில மாதம் கழித்து மறுபடி ஏறினால்தான் டாக்டர் உஷாராவார். அதையும் ஒரே லேபில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

என் மனதுக்கு நெருக்கமானது விலை குறைந்த சாதாரண சி.பி.சி. டெஸ்ட்தான். அதில் வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் 70, லிம்போசைட் 20 சதவீதம் என்றிருந்தால் இரண்டின் விகிதம் மூன்றரை. தலை, கழுத்துப் புற்றில் இந்த விகிதம் கூடக்கூட உயிர்வாழும் காலம் குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லிம்போசைட்டுகள் புற்றை எதிர்ப்பவை. நியூட்ரோபில் மிகுந்த அழற்சியோ கட்டிக்குத் தோதான சூழலை உண்டாக்கும். ஆனால் சொத்தைப் பல்லில் சீழ் வைத்தாலும், ஸ்டீராய்டு மாத்திரை போட்டாலும் இந்த எண் ஏறிவிடும். தனியாக அதை நம்பி யாரும் சிகிச்சையை மாற்றுவதில்லை.

ஹீமோகுளோபின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் குறைந்த கட்டி கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாது; ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பலன் குறைவு என்பது நெடுநாளாகத் தெரியும். அப்படியானால் ஊசி போட்டு ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டால்? 2003இல் லான்செட் இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வில், கதிர்வீச்சு பெற்ற 351 பேரில் ஒரு பகுதியினருக்கு எரித்ரோபொயட்டின் ஊசி போட்டார்கள். ஹீமோகுளோபின் ஏறியது. ஆனால் ஊசி போட்டவர்களுக்குத்தான் நோய் மோசமாகப் போனது. ரிப்போர்ட்டில் எண் சரியானால் நோயும் சரியாகும் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

ஹாங்காங் பக்கம் மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுக்கு, ரத்தத்தில் மிதக்கும் எப்ஸ்டீன் பார் வைரஸின் டி.என்.ஏ. நம்பகமான குறி. அங்கே அந்த நோயைத் தூண்டுவது வைரஸ். நம்மூர் வாய்ப் புற்றுக்குக் காரணம் புகையிலையும் பாக்கும். அந்த டெஸ்ட் இங்கே பயன்படாது. நம்மவர்களின் விதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கழுத்து நெறிக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்கு, நோய் பரவியதா என்பதுதான். மும்பை டாடா மெமோரியல் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்ப வாய்ப் புற்றோடு சேர்த்துக் கழுத்து நெறிகளையும் முதலிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்றாண்டு தாண்டினார்கள். நெறி தென்பட்ட பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம்.

2023 நவம்பரில் தமிழக அரசு நான்கு மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது நம் ஈரோடும் அதில் இருந்தது. வாய்ப் புற்றுக்கு அங்கே ரத்தம் எடுக்கவில்லை, வாயைக் கண்ணால்தான் பார்த்தார்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைவது, இதில் எது இருந்தாலும் லேப் பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீங்க. கோவை அரசு மருத்துவமனையிலோ உங்க ஊர் பல் டாக்டரிடமோ இந்த வாரமே வாயைக் காட்டிடுங்க.