தலைகீழாகத் தொங்கும் மிஷின்!

ஜன்னல் சட்டத்துக்கு அழகு தருவது எது? அதன் ஓரத்தில் ஓடும் வளைவுதான்.

முன்பெல்லாம் இந்த வளைவை எடுக்கத் தச்சர்கள் நாள் முழுவதும் இழைப்புளி தள்ளினார்கள். கை காய்த்துப் போகும். இன்று அதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது, ஒரு சின்ன மின்சார மிஷின். அதன் பெயர் ரவுட்டர்.

சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் இந்த மிஷினுக்கு நல்ல வேலை இருக்கிறது. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வேலை தேடி மக்கள் வந்தார்கள். வீடுகள் பெருகின. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடியே தனி மாநகராட்சி ஆனது. வீடு பெருகினால் கதவும், ஜன்னலும், அலமாரியும் பெருகத்தானே வேண்டும்!

மணிக்கு 188 கிலோமீட்டர்!

ரவுட்டர் புதிய மிஷின் அல்ல. முதல் உலகப் போர்க் காலத்திலேயே அமெரிக்காவில் ஆர்.எல்.கார்ட்டர் என்பவர் இதைச் செய்து விற்றார்.

மிஷினின் முனையில் "பிட்டு" என்ற சின்னக் கத்தி இருக்கும். அது நிமிடத்துக்கு 10 ஆயிரம் முதல் 30 ஆயிரம் சுற்று வரை சுழலும்.

50 மில்லிமீட்டர் அகலமுள்ள பிட்டு 20 ஆயிரம் சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கத்தியின் ஓரம் மணிக்கு சுமார் 188 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஆவடி வழியாகப் பறக்கும் வந்தேபாரத் ரெயில்கூட இந்த வேகத்தில் ஓடுவது இல்லை!

இப்போது யோசித்துப் பாருங்கள். மரம் ஒரு சாண் துண்டு. அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் இந்த மிஷினைப் பிடித்தால் விரல் என்ன ஆகும்?

இதற்கு ஒரு வழி உண்டு. மிஷினை மேஜைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். கத்தி மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். மிஷின் அசையாது. இரண்டு கையாலும் மரத்தைத் தள்ளலாம்.

மேஜை செய்வது எப்படி?

18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். மேஜைப் பலகை தயார். 2 அடி அகலம், இரண்டரை அடி நீளம் போதும். உயரம் உங்கள் இடுப்பளவு இருந்தால் முதுகு வலிக்காது.

பலகை நடுவில் மிஷின் நுழையும் அளவுக்குச் சதுரமாக வெட்டி, அதில் 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைப் பதியுங்கள். தகடும் பலகையும் ஒரே மட்டமாக இருக்கவேண்டும். நகத்தால் தடவினால் தடுக்கக் கூடாது. தடுத்தால் மரமும் அங்கே தடுக்கும்.

மிஷினின் அடித்தட்டைக் கழற்றித் தகட்டின்மேல் வைத்து, அதன் ஓட்டைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு தப்பாது. துளை போட அம்பத்தூர்ப் பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்?

தடுப்புக் கட்டை

மரம் சாய்ந்து போகாமல் இருக்க, மேஜைமேல் நேரான தடுப்புக் கட்டை வேண்டும். அதன் ஒரு முனையைப் போல்ட்டால் மாட்டுங்கள். மறுமுனையை நகர்த்திக் கவ்வியால் இறுக்குங்கள்.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. கத்தி நடுவில் இருப்பதால், முனையை 2 மில்லிமீட்டர் நகர்த்தினால் கத்தி இருக்கும் இடத்தில் 1 மில்லிமீட்டர்தான் நகரும். நுட்பமான அளவு கைக்கு எளிதாக வரும்.

தடுப்பின் அடி ஓரத்தை லேசாகச் சீவிவிடுங்கள். தூள் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் தூள் மரத்தைத் தள்ளி, காடி கோணலாகிவிடும்.

துணைச் சாமான்கள்

சீப்புக் கட்டை: சீப்புப் போலப் பல் வெட்டிய மரத்துண்டு. மரத்தைத் தடுப்போடு அழுத்திப் பிடிக்கும். பின்னால் எகிற விடாது.

தள்ளுகட்டை: கத்திக்குப் பக்கத்தில் விரலுக்குப் பதிலாக இதுதான் போகவேண்டும்.

பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த காப்பு சுவிட்சு: கரண்டு போய்த் திரும்ப வந்தால், சாதாரண சுவிட்சில் மிஷின் தானாக ஓடத் தொடங்கிவிடும். கை அங்கே இருந்தால்? இந்த சுவிட்சு இருந்தால், நீங்கள் பச்சைப் பொத்தானை மறுபடி அமுக்கும்வரை மிஷின் ஓடாது.

தூள் உறிஞ்சும் குழாய்: மரத்தூள் வெறும் அழுக்கு அல்ல. அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995-ல் அறிவித்தது. மூக்குக்கு முகமூடியும், கண்ணுக்குக் கண்ணாடியும், காதுக்கு அடைப்பானும் அவசியம்.

இதை மறக்காதீர்கள்!

பிட்டு மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பிட்டை அடி முட்டும்வரை நுழைத்து, பிறகு 2 மில்லிமீட்டர் வெளியே இழுத்து இறுக்குங்கள்.

கால் அங்குலப் பிடிப்பில் 6 மில்லிமீட்டர் பிட்டைப் போடாதீர்கள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். வித்தியாசம் மயிரிழைதான். ஆனால் ஓடும்போது பிட்டு கழன்று பறக்கும்!

பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறையுங்கள்.

மரத்தை எப்போதும் வலப்பக்கம் இருந்து இடப்பக்கமாகத் தள்ளுங்கள். மாற்றித் தள்ளினால் கத்தி மரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். கையும் கூடவே போகும். தடுப்புக்கும் கத்திக்கும் நடுவே மரத்தை நுழைக்கவே கூடாது.

ஒரே தடவையில் ஆழமாக வெட்ட ஆசைப்படாதீர்கள். ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் போதும். 9 மில்லிமீட்டர் காடிக்கு மூன்று தடவை.

கையுறை வேண்டாம். மோதிரம், கையில் கட்டிய கயிறு, தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை எதுவும் ஆகாது. சுழலும் கத்தி எதைப் பிடித்தாலும் கையையும் சேர்த்து இழுக்கும்.

இதையெல்லாம் செய்ய அரை நாள் அதிகம் ஆகும். "இன்று ஜன்னலைக் கொடுக்க வேண்டும். மேஜை நாளைக்குச் செய்துகொள்ளலாம்" என்றுதான் மனம் சொல்லும்.

ஜன்னலை நாளைக்கும் கொடுக்கலாம். போன விரல் நாளைக்கு வராது.

தச்சருக்குச் சொத்து மிஷின் அல்ல, பத்து விரல்கள்தான். வீட்டில் அடுப்பு எரிவது அந்த விரல்களால்தான்!