வெளியே வந்தவருக்கு ஒரு வேலை

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, 2007-ல் பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்குப் போன சிவகிரிக்காரர் ஒருவர் 2022-ல் விடுதலையாகிறார் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது அவர் ஊர் திருநெல்வேலி மாவட்டம்; 2019 நவம்பர் முதல் தென்காசி மாவட்டம். பத்திரப்படுத்திய ஐந்நூறு ரூபாய்த் தாள் 2016-லேயே செல்லாமல் போய்விட்டது. ஆதாரும் ஸ்மார்ட் ரேஷன் கார்டும் அவர் உள்ளே போன பிறகு வந்தவை. டீக்கடையில்கூட செல்போனைக் காட்டித்தான் காசு கொடுக்கிறார்கள்.

அண்ணாவின் 113-வது பிறந்தநாளையொட்டி, நீண்டகாலச் சிறைவாசிகள் 700 பேர் முன்விடுதலை செய்யப்படுவார்கள் என்று 2021 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். இப்படி வெளியே வருபவர்கள் மறுபடி தப்புத்தண்டாவுக்குப் போகாமல் இருக்க என்ன வழி?

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில், சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட 500 சிறுவர்களின் பழைய ஆவணங்களைக் கையில் எடுத்தார்கள் ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்ற இரு ஆய்வாளர்கள். அவர்களில் பலரின் வாழ்க்கையை எழுபது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். சிறுவயதில் யார் எவ்வளவு மோசம் என்பதை வைத்து, பின்னாளில் யார் திருந்துவார் என்று சொல்ல முடியவில்லை. நிலையான வேலையும் நல்ல இல்லறமும் அமைந்தவர்களே பெரும்பாலும் குற்றத்தை விட்டு விலகினார்கள்.

வேலை கொடுத்தால் மனிதர் மாறுவார் என்பதை நம் சிறைத்துறையும் ஓரளவு செய்துகாட்டியிருக்கிறது. இந்தியன் ஆயிலுடன் சேர்ந்து அது நடத்தும் பெட்ரோல் பங்க்குகளில் பெட்ரோல் போட்டு, பணத்தை எண்ணி வாங்கி, மீதியைச் சரியாகக் கொடுப்பவர் தண்டனைக் கைதி. பொதுமக்கள் நம்பி நோட்டை நீட்டுகிறார்கள்.

ஊர் திரும்பியதும் அந்த நம்பிக்கை கிடைப்பதில்லை என்பதுதான் வேதனை. தென்மாவட்டங்களில் எத்தனையோ கொலைகளுக்கு வரப்புத் தகராறும் சாதிப் பகையும்தான் காரணம். செத்தவர் குடும்பம் அடுத்த தெருவிலேயே இருக்கும். அவர்களின் துக்கம் நியாயமானது. அவர்களுக்கும் அரசு துணை நிற்க வேண்டும். கைதிகளின் கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டோருக்குச் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது.

சிவகிரியில் கரும்புத் தோட்டம் வைத்திருப்பவர்களும், புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்பவர்களும், லாரி பட்டறை முதலாளிகளும் மனது வைக்க வேண்டும். விடுதலையாகி வந்தவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒழுங்காக உழைத்துப் பிழைப்பவரைப் பழைய வழக்கைச் சொல்லி அடிக்கடி ஸ்டேஷனுக்கு அழைப்பதைக் காவல்துறை நிறுத்த வேண்டும். தண்டனையை அவர் அனுபவித்து முடித்துவிட்டார். ஊரும் சேர்ந்து இன்னொரு தண்டனை கொடுக்கக் கூடாது.